யாருக்காச்சும் வந்துச்சா?

போன வருஷம் ஜனவரி கடைசியில் ஒரு நாள், ராத்திரி எட்டரை மணிக்கு, கணினித் திரையில் மூன்று பேராசிரியர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே காலை பத்து மணி. ஒருவருடைய ஜன்னலுக்கு வெளியே பனி கிடந்தது. எங்கள் வீட்டில் சத்தம் வரக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தேன். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவில் வரலாற்று முனைவர் பட்டத்துக்கு ஏழு பல்கலைக்கழகங்களில் விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டது இந்த ஒன்றுதான். மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். முதல் இருபது நிமிஷம் நன்றாகத்தான் போனது.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது அவர்கள் பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் விட்டுவிட்டுப் போன வீடுகளைப் பற்றி. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாக் கரையில் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. 1945 செப்டம்பரில் ஜப்பான் அங்கே முறையாகச் சரணடைந்தது. இடைப்பட்ட மூன்றே முக்கால் வருஷம் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு மலாயாவிலிருந்து வழக்கமான தபால் கிடையாது, மணியார்டர் கிடையாது. இதைத்தான் என் ஆய்வுத் திட்டத்தில் ‘ஆவணங்களின் மௌனம்’ என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதுவரை பேசாமல் இருந்த மூன்றாவது பேராசிரியர் கேட்டார்: “அந்த வருஷங்களில் அந்தப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?”

“காத்துக்கொண்டிருந்தார்கள்” என்றேன்.

அவர் நான் மேலே சொல்வேன் என்று பார்த்தார். என்னிடம் மேலே ஒன்றும் இல்லை. ஐந்தாறு விநாடி போனது. அப்புறம் தலையசைத்துவிட்டு, நீங்கள் எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்றார். நூலக வசதி பற்றி ஏதோ கேட்டேன். திரை அணைந்தது. அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து “நல்லா பேசுனியே” என்றார்.

அந்த ஒரு சொல் பதில் அன்றிலிருந்து என்னை விடவில்லை. முடிவு என்னவாகும் என்ற கவலையைவிட இது ஆழமாகத் தைத்திருந்தது. காத்துக்கொண்டிருப்பது என்றால் என்ன வேலை? அதைச் செய்கிறவர் காலையில் எழுந்து என்ன செய்கிறார்? அந்த நேரத்தில் நானும் அதே வேலையில்தான் இருந்தேன். அப்படியும் எனக்குப் பதில் தெரியவில்லை.

ராத்திரி ஏழரை முதல்

இந்த விண்ணப்பத்தின் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 1க்கும் 15க்கும் நடுவில் எல்லாம் போய்ச் சேர வேண்டும்: இரண்டு பக்க நோக்க உரை, இருபது இருபத்தைந்து பக்க ஆய்வுக் கட்டுரை, மூன்று ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், மதிப்பெண் பட்டியல். ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வை வரலாற்றுத் துறைகளில் பெரும்பாலானவை இப்போது கேட்பதில்லை. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் எண்பது, நூறு டாலர். கட்டண விலக்கு இரண்டு இடத்தில் கிடைத்தது. மற்றதற்கெல்லாம் டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையத்தில் நான் வகுப்பெடுத்துச் சேர்த்த பணம் போனது. அதன் பிறகு நம் கையில் ஒன்றுமில்லை. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பதில் வரும். இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15க்குள் சொல்லிவிட வேண்டும் என்று அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குள் ஒரு பொது உடன்பாடு உண்டு. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்கு அந்தத் தேதிவரை உயிர் ஊசலாடும்.

அறிவியல் துறைகளில் ஒரு பேராசிரியர் தன் ஆய்வகத்துக்கு ஆள் எடுப்பார். வரலாற்றில் துறையே ஒரு குழுவாக உட்கார்ந்து படிக்கும். ஒரு துறைக்கு ஒரு வருஷத்தில் மொத்தமே பத்துப் பதினைந்து பேர்தான். ஐரோப்பா, அமெரிக்கா, ஆப்பிரிக்கா, கிழக்காசியா எல்லாம் போக, தெற்காசியாவுக்கு ஒரு இடம் வரலாம், இரண்டு வரலாம், சில வருஷம் ஒன்றுமே இருக்காது. நாம் யாரிடம் படிக்க வேண்டும் என்று எழுதுகிறோமோ அவர் ஓய்வு பெறப் போகிறாரா, விடுப்பில் போகிறாரா, ஏற்கெனவே அவரிடம் மூன்று மாணவர்கள் இருக்கிறார்களா என்பதெல்லாம் நம் இருபத்தைந்து பக்கக் கட்டுரையைவிடப் பெரிய காரணமாகலாம். சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்குக் கட்டணம் கிடையாது, வாழ்வதற்கு உதவித்தொகையும் உண்டு. எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு ஒன்றுதான் திறக்கக்கூடியது. அதனால்தான் அதன் முன்னால் அவ்வளவு கூட்டம்.

கிழக்குக் கரையில் அலுவலகம் திறப்பது காலை ஒன்பதுக்கு. நமக்கு அது ராத்திரி ஏழரை. மூடும்போது நமக்கு விடிகாலை மூன்றரை. ஆகவே என் நாள் ராத்திரி ஏழரைக்குத்தான் தொடங்கியது. பகலில் திருவாரூரில் பயிற்சி மையத்தின் தகரக் கூரைக்குக் கீழே அறுபது பேருக்கு வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் தேதிகளைச் சொல்லிக்கொடுப்பேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கைப்பேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பேன். மார்ச் 9 அன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அன்றிலிருந்து ஆறரைக்கே மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. எங்கேயோ ஒரு நாட்டில் கடிகாரத்தைத் திருகினால் இங்கே மாலைக் காப்பி இறங்காமல் நின்றது.

வருகிற மின்னஞ்சலில் முடிவு இருக்காது. ‘உங்கள் விண்ணப்ப நிலையில் மாற்றம் உள்ளது’ என்று மட்டும் இருக்கும். உள்ளே போய், கடவுச்சொல் போட்டு, பொத்தானை அழுத்தி, கடிதத்தைத் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் திறக்க எங்கள் வீட்டு இணைப்பில் பத்து விநாடி ஆகும். முதல் நிராகரிப்பு பிப்ரவரி இரண்டாவது வாரம், ராத்திரி ஒன்றே காலுக்கு வந்தது. ‘வருந்துகிறோம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்கவில்லை. அம்மாவை எழுப்பவும் இல்லை.

அந்த வருஷம் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. 2025 பிப்ரவரி 7 அன்று, மருத்துவ ஆய்வுக்குப் பணம் தரும் அமெரிக்க அரசு அமைப்பு, ஆய்வு நிதியோடு சேர்த்துத் தரும் நிர்வாகச் செலவுத் தொகையை 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளப்போவதாக அறிவித்தது. மருத்துவ ஆய்வுக்கும் மலாயாவுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பல்கலைக்கழகத்துக்குக் கஜானா ஒன்றுதானே. இரண்டே வாரத்தில் பல இடங்களில் முனைவர் பட்ட இடங்களைக் குறைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சில நாள் முனைவர் பட்டச் சேர்க்கையையே நிறுத்திவைத்தது. அதற்கு முன் 2020இலும் இப்படி ஆகியிருந்தது. கொரோனா வருஷம் பல கலைப்புலத் துறைகளும் சமூக அறிவியல் துறைகளும் அடுத்த ஆண்டுக்கு ஆளே எடுக்கவில்லை. கல்லூரியில் எனக்கு ஓராண்டு மூத்த அண்ணன் ஒருவர் அப்போது கைவிட்டவர்தான், இப்போது வங்கியில் இருக்கிறார்.

ஹைதராபாத்தில் என்னோடு எம்.ஏ. படித்தவர்களில் ஐந்து பேர் அந்த வருஷம் விண்ணப்பித்திருந்தோம். ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பிப்ரவரி 20 வாக்கில், மதுரைப் பக்கத்துத் தோழிக்கு இடம் கிடைத்துவிட்டது. அவள் விண்ணப்பித்திருந்தது இடைக்காலக் கோயில் நிலங்களைப் பற்றிய ஆய்வுக்கு. நான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அவளுக்குப் போன இடம் என்னிடமிருந்து எடுத்த இடம் கிடையாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் அவள் செய்தியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அவளுக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை, ஆகவே எனக்கு இல்லை. குழுவைச் சத்தம் வராமல் ஆக்கினேன். அவள் தனியாக எழுதினாள்: “உனக்கு ஏதாவது தகவல் வந்ததா? ரெண்டு நாளா உன்னையே நினைச்சிட்டிருக்கேன்.” ஒன்பது நாள் நான் பதில் போடவில்லை. படிக்கும்போது ஒரே அறையில் இருந்தவள் அவள். டைபாய்டில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள்.

எங்கள் எம்.ஏ. ஆசிரியர் முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ஒரு செய்தி ஆவணத்தில் இல்லை என்பதை வைத்து அது நடக்கவே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. அந்த ஆவணம் எழுதப்பட்டதா, எழுதப்பட்டிருந்தால் யார் வைத்திருந்தார்கள், கரையான் தின்றதா, வேறு துறைக்குப் போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அந்த ஒன்பது நாளும் நான் செய்தது அவர் செய்யாதே என்று சொன்னதைத்தான். வராத கடிதத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

ட்ரங்குப் பெட்டி

மார்ச் முதல் வாரம் அப்பாயிக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து உள்ளே போக வேண்டிய கிராமம். அப்பாயி 1936இல் பிறந்தவள் என்பது ரேஷன் கார்டுக் கணக்கு. நான் போனபோது காய்ச்சல் விட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஆனதும் என் கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. கிராமத்தில் சிக்னல் தெருமுனை வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும். போய்ப் பார்ப்பேன், வருவேன், மறுபடி போவேன்.

“என்னடி ஆயி, சும்மா போறதும் வர்றதுமா இருக்க?”

“ஒரு தபால் வரணும் அப்பாயி. அமெரிக்காவுலேருந்து. படிக்கிறதுக்கு.”

“யாருக்காச்சும் வந்துச்சா?”

“என் சிநேகிதி ஒருத்திக்கு வந்திருக்கு.”

“அப்பறம் என்ன? வழி தொறந்துதான இருக்கு.”

எனக்கு எரிச்சலாக வந்தது. “அது அப்படி இல்ல அப்பாயி. அவளுக்கு வந்து எனக்கு வரலன்னா, எனக்கு இல்லன்னு அர்த்தம்.”

அப்பாயி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இது என்னடி கணக்கு?” என்றாள். கேலியாக இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள். அப்புறம் உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியை இழுத்துவரச் சொன்னாள்.

அந்தப் பெட்டியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதிலிருந்த மூன்று மணியார்டர்த் துண்டுகளைப் படம் பிடித்துத்தான் என் கட்டுரையை ஆரம்பித்திருந்தேன். கொள்ளுத்தாத்தா, அதாவது அப்பாயியின் அப்பா, 1937இல் கங்காணியோடு போனவர், அப்போது அப்பாயி கைக்குழந்தை. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள் நிற்கும், படகில் ஏறிப் போய்த்தான் பிடிக்க வேண்டும். படகு மறைகிறவரை கொள்ளுப்பாட்டி நின்றது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மறு வருஷமே, 1938 ஜூனில், இந்திய அரசு கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அவர் அதற்குள் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு முறை பத்து ரூபாய், பதினைந்து ரூபாய் வரும். எழுதத் தெரியாதவர், தோட்டத்துக் கிராணி (கணக்கர்) எழுதியிருப்பார். ஒரு துண்டில் ‘புள்ளைக்கி பாவாடை எடுக்கவும்’ என்று இருக்கிறது. கடைசித் துண்டில் முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது. நவம்பர் 41 என்று படிக்கலாம், தேதி தெரியாது. மடிப்பில் காகிதம் விட்டுப்போய், சோற்றுப் பசை வைத்துப் பின்னால் ஒரு காலண்டர்த் தாளை ஒட்டியிருக்கிறார்கள். பல தடவை மடித்துப் பிரித்தால்தான் காகிதம் அப்படி விடும்.

நான் இந்தக் காகிதங்களை மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவை நின்றுபோன பிறகு என்ன நடந்தது என்று அப்பாயியிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயசு, ஆறு வயசு. என்ன தெரியும் என்று நினைத்துவிட்டேன். அதைவிட உண்மையான காரணம், ‘மௌனம்’ என்று பெயர் வைத்துவிட்ட ஒன்றைக் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான்.

“காசு நின்னதும் பாட்டி என்ன செஞ்சாங்க அப்பாயி? காத்துக்கிட்டு இருந்தாங்களா?”

“எங்கேருந்து காத்துக்கிட்டு இருக்கிறது? நடவுக்குப் போகணுமா வேணாமா?”

அன்று ராத்திரி பத்து மணிவரை அப்பாயி பேசினாள். தபால்காரர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். ஏழு ஊருக்கு ஒரே ஆள். ரோட்டு மதகில் அவர் வந்து சைக்கிளை நிறுத்தும்போது உச்சி வெயிலாகிவிடும். அங்கே போய் நின்றால் ஒரு பொழுதுக் கூலி போய்விடும். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலுமாக ஒன்பது வீட்டில் ஆம்பளைகள் அக்கரையில் இருந்தார்கள். ஒன்பது பேரும் ஒவ்வொரு வாரமும் கூலியை விட முடியாது. ஆகவே முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஒருத்தி மதகுக்குப் போவாள். அன்றைய கூலியில் கொஞ்சம் நெல்லை மற்றவர்கள் அவளுக்கு அளந்துவிடுவார்கள். பொழுது சாய்ந்ததும் குளத்தங்கரையில் எல்லோரும் சேருவார்கள், அவள் வந்து சொல்வாள்.

“எங்க அம்மா தபால்காரர்கிட்ட எனக்கு வந்துச்சான்னு கேக்காது. யாரும் அப்படிக் கேக்க மாட்டாவ. யாருக்காச்சும் வந்துச்சான்னுதான் கேக்குறது. ஒருத்திக்கு வந்தாப் போதும். கப்பல் ஓடுதுன்னு அர்த்தம். வழி தொறந்திருக்குன்னு அர்த்தம். இன்னைக்கி அவளுக்கு, நாளைக்கி நமக்கு.”

நான் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில் பதிவில் என் குரல் இல்லை. தவளைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கிறது.

அப்புறம் அவள் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தப் பெண்கள் எந்தத் தபால் வருகிறது, எந்தத் தபால் வரவில்லை என்று பிரித்து வைத்திருந்தார்கள். முதலில் பினாங்குப் பக்கத்துத் தபால் நின்றது. அப்புறம் சிங்கப்பூர். அறுவடையெல்லாம் முடிந்து, பங்குனி வாக்கில், ரங்கூன் தபாலும் நின்றது. ஆனால் கண்டிச் சீமைத் தபால், அதாவது இலங்கைத் தபால், வந்துகொண்டே இருந்தது. மேலத்தெருவில் ஒரு வீட்டுக்குக் கண்டியிலிருந்து பணம் வந்தபடியே இருந்தது. கொழும்பில் குண்டு போட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்போதும் அந்தத் தபால் வந்தது. அதை வைத்து அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள்: ஜப்பான்காரன் கிழக்கே பிடித்துவிட்டான், கண்டிக்கு இன்னும் வரவில்லை.

நான் தேதிகளைப் போட்டுப் பார்த்தேன். பினாங்கு 1941 டிசம்பரில், சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில், ரங்கூன் மார்ச்சில். கொழும்பில் குண்டு விழுந்தது ஏப்ரல் 5. இலங்கையை ஜப்பான் பிடிக்கவே இல்லை. எழுதப்படிக்கத் தெரியாத ஒன்பது பெண்கள், வராத தபாலை வைத்து, போரின் வரைபடத்தை வரிசை மாறாமல் போட்டு வைத்திருக்கிறார்கள். பர்மாவிலிருந்து மலை வழியாக நடந்தே வந்த ஒருவர் மன்னார்குடிப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டு பேர் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நடந்து போய்ப் பார்த்திருக்கிறார்கள். அவருக்கு மலாயாவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியும். சயாம் (தாய்லாந்து) வழியாக ஏதாவது பேச்சு அடிபட்டதா என்று கேட்கப் போனார்கள்.

பர்மா அரிசி நின்று விலை ஏறியதும் வீட்டிலிருந்த பித்தளை அண்டா போனது. பங்குக்கு வளர்க்க ஆடு பிடித்தார்கள். அப்பாயிக்கு அந்தப் பாவாடை எடுக்கவே இல்லை. இதையெல்லாம் சொல்லும்போது அவள் அழவில்லை. அண்டாவைப் பற்றிச் சொல்லும்போதுதான் கொஞ்சம் குரல் தேய்ந்தது. அது அவள் அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது.

முதல் கடிதம் சண்டை முடிந்து, ஒரு தை மாசம் வந்தது. அன்று மதகுக்குப் போகும் முறை கொள்ளுப்பாட்டியுடையது. கடிதம் கீழத்தெரு வீட்டுக்கு. வயலில் நின்ற அந்த வீட்டுக்காரியைத் தேடிக்கொண்டு வரப்பு மேலேயே ஓடியதாம். அப்பாயிக்கு அப்போது பத்து வயசு, கூட ஓடியிருக்கிறாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூட்டிவந்து குளத்தங்கரையில் படிக்கச் சொன்னார்கள். எழுதியவர் அந்தத் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் உயிரோடு இருக்கிற நம்மூர்க்காரர்கள் என்று சில பேரைச் சொல்லியிருந்தார். ரயில் ரோடு போட சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனதில் செத்தவர்கள் என்று சில பேரைச் சொல்லியிருந்தார்.

“எங்க அப்பா பேரு ரெண்டுலயும் இல்ல” என்றாள் அப்பாயி.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொருத்தியின் முறை. கொள்ளுப்பாட்டி அவளுக்கு நெல் அளந்துவிட்டு வயலுக்குப் போயிற்று.

பதில்

என் ஐந்து மாதத்தையும் அவர்களுடைய மூன்றே முக்கால் வருஷத்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். எனக்கு வராமல் போனது ஒரு படிப்பு. கொள்ளுப்பாட்டிக்கு வராமல் போனது ஒரு மனுஷன். அப்பாயியின் கணக்கு முழுசாக என் விஷயத்துக்குப் பொருந்தாது என்பதும் தெரியும். கப்பல் ஓடினால் எல்லோருக்கும் தபால் வரலாம்; பத்து இடம் இருக்கிற துறையில் பதினோராவது ஆளுக்கு வராது. ஆனாலும் என் தோழிக்கு வந்த கடிதத்தை நான் படித்த விதம் தப்பு. நம் கல்லூரிப் பின்னணியோடு, நம் ஆசிரியர்களின் கடிதத்தோடு, நமக்குத் தெரிந்த காப்பகங்களை வைத்து எழுதின ஒரு விண்ணப்பத்தை, இடங்களைக் குறைத்துக்கொண்டிருக்கிற அந்த வருஷத்திலும், ஒரு துறை எடுத்து வாசித்து, வா என்று சொல்லியிருக்கிறது. அது எங்கள் ஐந்து பேருக்குமே செய்தி. நான் அதை என் சாவுச் செய்தியாகப் படித்தேன்.

மறுநாள் காலை வேப்பமரத்தடியில் நின்று அவளைக் கூப்பிட்டேன். ஒன்பது நாளைப் பற்றிச் சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அப்புறம் இரண்டு மணி நேரம் அவளுக்கு விசா நேர்காணல், வாடகை வீடு எல்லாம் பற்றிப் பேசினோம்.

முடிவுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்து நிராகரிப்பு. நேர்காணல் வைத்த இடமும் ஏப்ரல் 11 அன்று இல்லை என்றது. ஒரே ஒரு இடத்தில் காத்திருப்போர் பட்டியல். ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பன்று அம்மா மாங்காய்ப் பச்சடி செய்துவைத்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். மாத முடிவில், இந்த ஆண்டு இடங்கள் நிரம்பிவிட்டன என்று இரண்டு வரி வந்தது.

அந்தக் கோடையில் அப்பாயியின் பதிவை முழுசாக எழுத்தில் இறக்கினேன். எண்பத்தொன்பது வயசில் நினைவுகூர்ந்த ஐந்து வயசு. அதை அப்படியே வரலாறு என்று வைத்துவிட முடியாது. சுற்றியுள்ள ஊர்களில் அந்த வயசுக்காரர்கள் நாலு பேரைத் தேடிப் பேசினேன். முறை வைத்துக்கொண்டதை இன்னொரு ஊரில் ஒரு ஆச்சியும் சொன்னார். அங்கே நெல்லுக்குப் பதில் விறகு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போர்க்காலத்துத் தபால், குடிபெயர்வு தொடர்பான அரசாணைகளைத் தேடிக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். கோலாலம்பூரில் இருந்த இந்திய அரசின் ஏஜெண்ட் வருஷா வருஷம் எழுதிய அறிக்கைகளை முன்பு படித்தபோது, அவை போரோடு நின்றுபோவதை மட்டும்தான் கவனித்தேன். அங்கே அறிக்கை நின்ற இடத்தில்தான் இங்கே மதகில் வேலை ஆரம்பித்திருக்கிறது. நோக்க உரையில் ‘மௌனம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இப்போது அது செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில், மதகு என்று ஆரம்பிக்கிறது. அந்தப் பேராசிரியர் என் முன்னால் மறுபடி உட்கார்ந்தால் அவருக்கு இருபத்தைந்து நிமிஷத்துக்குமே பதில் இருக்கிறது.

இந்த முறை ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், அதில் ஒன்று சிங்கப்பூர். நிலைமை போன வருஷத்தைவிட நெருக்கடியாகத்தான் இருக்கிறது. ஹார்வர்டில் முனைவர் பட்ட இடங்களைப் பெரிய அளவில் குறைக்கிறார்கள் என்று அக்டோபரில் செய்தி வந்தது. அதற்கு முன்பே சிகாகோ பல்கலைக்கழகத்தில் கலைப்புலத் துறைகள் பல ஆள் எடுக்கப்போவதில்லை என்று அறிவித்தன. தமிழையும் தெற்காசியாவையும் பல தலைமுறையாகப் படித்துவந்த இடம் அது. அந்தச் செய்தி படித்த அன்று எனக்கு வகுப்பெடுக்க முடியவில்லை. நெட் தேர்வுக்கும் படிக்கிறேன். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயில் இங்கேயே இந்த வேலையைச் செய்யலாம்.

பழைய குழுவில் இப்போது புதிதாக நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள், எல்லோரும் இந்த வருஷம் விண்ணப்பித்த தம்பி தங்கைகள். எந்தத் துறை கடிதம் அனுப்ப ஆரம்பித்துவிட்டது, எது இந்த வருஷம் தெற்காசியாவுக்கு ஆளே எடுக்கவில்லை என்று ஆளுக்கு ஒரு பக்கம் விசாரித்துப் போடுகிறோம். மதுரைத் தோழி அங்கே முதல் வருஷம் படிக்கிறாள். அவளுக்கு விடியும்போது நமக்குச் சாயங்காலம். தன் துறையில் கேள்விப்படுவதைச் சொல்வாள்.

அப்பாயிக்கு இப்போது காது மந்தம், போனில் கத்திப் பேச வேண்டும். நேற்று செவ்வாய்க்கிழமை. சித்தப்பா போன் போட்டு அவளிடம் கொடுத்தார்.

“யாருக்காச்சும் வந்துச்சா?”

“ஒரு பொண்ணுக்கு வந்திருக்கு அப்பாயி.”

“எந்த ஊருப் புள்ள?”

“விருத்தாசலம்.”

“நல்லா இருக்கட்டும்” என்றாள். “சரி, வெள்ளிக்கெழம பாப்பம்.”